ரெய்டு தொகுப்பில் ஒரு டிஸ்க் பழுதானால்: கழற்றுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

கடலூரிலும் புதுச்சேரியிலும் சிறிய அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டிஸ்க் பழுதானதால் மட்டும் தரவு அழிந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பழுதான டிஸ்க்கை மாற்றப் போன கை அவசரப்பட்டதால் அழிந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவற்றுள் ஒருமுறை அந்தக் கை என்னுடையது. ஆகவே எதை எதற்குப் பிறகு செய்ய வேண்டும் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி செய்யும் ஏற்பாடு. அதன் வகைகளுள் நான்கு முதல் எட்டு டிஸ்க்குகள் கொண்ட ரெய்டு 5, ரெய்டு 6, ரெய்டு 10 தொகுப்புகளுக்கு இது பொருந்தும். லினக்ஸின் மென்பொருள் ரெய்டை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். நாஸ் பெட்டியோ (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் சேமிப்புப் பெட்டி) ரெய்டு கன்ட்ரோலர் அட்டையோ வைத்திருப்பவர்களுக்குத் திரையில் தெரியும் பெயர்கள் மாறும். செய்யும் வரிசை மாறாது.

1. எல்லாம் நன்றாக ஓடும்போதே செய்து வைக்க வேண்டியவை

முதல் தேவை ஒரு தாள். எந்த ஸ்லாட்டில் எந்த சீரியல் எண் கொண்ட டிஸ்க் இருக்கிறது என்பதை அதில் எழுதி, சர்வர் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டி, கைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். லினக்ஸ் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் சர்வர் ரீபூட் ஆகும்போது இடம் மாறக்கூடியவை. சீரியல் எண் மாறாது. அடியோடு செத்துப்போன டிஸ்க் தன் எண்ணைச் சொல்லாது என்பதால், தாள் இல்லாவிட்டால் உயிரோடிருக்கும் மற்ற டிஸ்க்குகளின் எண்களைக் கழித்துக் கழித்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு டிரேயின் முகப்பிலும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைப் பெயின்ட் மார்க்கரால் எழுதுவது என் வழக்கம். முன்பெல்லாம் மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டினேன். கடலூர் முதுநகரில் துறைமுகத்தை அடுத்த ஓர் அலுவலகத்துக்கு மறு ஆண்டு போனபோது, உப்புக் காற்றிலும் ஈரத்திலும் பசை விட்டுப்போய், நான்கு துண்டுகளும் பெட்டியின் அடியில் ஒன்றாகக் கிடந்தன.

இரண்டாவது, எச்சரிக்கை மின்னஞ்சல். தொகுப்பில் ஒரு டிஸ்க் விலகினாலும் சர்வர் வழக்கம்போல் ஓடும், கோப்புகள் திறக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. புதுச்சேரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், மேசைக்கடியில் ஃபைல் கட்டுகளுக்குப் பின்னால் இருந்த சர்வர் ஐந்து மாதமாக ஒரு டிஸ்க் குறைவாகவே ஓடியிருந்தது. மின்னஞ்சல் தவறாமல் போய்க்கொண்டுதான் இருந்தது, வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்கு. ஆகவே முகவரியை அமைத்ததோடு நில்லாமல், சோதனை மின்னஞ்சல் அனுப்பி, அது வந்து சேர்ந்ததை உங்கள் கண்ணால் பாருங்கள். இருவருக்காவது அது போக வேண்டும்.

மூன்றாவது, சோதித்து வைத்த ஒரு ஸ்பேர் டிஸ்க். சென்னை ரிச்சி தெருவில் சொல்லிவைத்துக் கொரியரில் வரவழைக்க ஒன்றிரண்டு நாள் ஆகும்; அந்த நாள்கள் முழுவதும் தொகுப்பு பாதுகாப்பின்றி இருக்கும். வாங்கியவுடனேயே அதை வேறொரு கணினியில் மாட்டி, டிஸ்க் தன் நிலையைத் தானே சோதித்துச் சொல்லும் ஸ்மார்ட் வசதியின் நெடுஞ்சோதனையை ஒருமுறை முழுமையாக ஓட்டிவிட்டு, ஆன்டிஸ்டாட்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி வையுங்கள். பெரிய டிஸ்க்குக்கு இச்சோதனை பல மணி நேரம் பிடிக்கும். பழுது வந்த அன்று அந்த நேரம் உங்களிடம் இருக்காது.

பேக்கப்பும் யூபிஎஸ்ஸும் வேண்டும் என்பதை இவ்வளவு தூரம் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரெய்டு பேக்கப் ஆகாது, அழித்த கோப்பு எல்லா டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும் என்பதை மட்டும் உரிமையாளருக்கு எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

2. எச்சரிக்கை வந்ததும் முதலில் எதையும் தொடாதீர்கள்

"தம்பி, சிவப்பு லைட்டு எரியுது, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமா?" என்றுதான் பெரும்பாலான தொலைபேசி அழைப்புகள் தொடங்குகின்றன. வேண்டாம் என்பதே பதில். ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிஸ்க்குகளுள் ஒன்று நின்று மீண்டும் சுழலத் தொடங்கும்போது எழும்பாமல் போகலாம். ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகளுக்கு ஒரே வயது. ஒன்று தளர்ந்தால் மற்றவையும் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு.

அடுத்து, இரவில் தானாக ஓடும் பேக்கப் வேலையைப் பாருங்கள். மூலத்தில் இல்லாத கோப்புகளை நகலிலும் அழிக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தால், தொகுப்பு நடுவில் நின்று அடைவு காலியாகத் தெரியும் ஓர் இரவில், நல்ல பேக்கப்பையும் அதுவே துடைத்துவிடும். நிலைமை தெளியும் வரை அந்த வேலையை நிறுத்தி வையுங்கள்.

பிறகு தற்போதைய நிலையைப் பதிவு செய்யுங்கள். தொகுப்பின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பின் உள்ளடக்கம், தொகுப்பின் விவரம், ஒவ்வொரு உறுப்பு டிஸ்க்கின் மேற்குறிப்பு (தொகுப்பில் அதன் இடத்தைச் சொல்லும் பதிவு), லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுடைய பதிவின் கடைசிப் பக்கங்கள் ஆகியவற்றை ஒரு பென்டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்குகளின் வரிசை, சங்க் அளவு (ஒரு டிஸ்க்கில் தொடர்ந்து எழுதப்படும் துண்டின் அளவு), நிகழ்வு எண்ணிக்கை (தொகுப்பு மாறும்போதெல்லாம் ஏறும் எண்) ஆகியவை இவற்றில் இருக்கின்றன. எல்லாம் நல்லபடியாக முடிந்தால் இவை தேவைப்படா. முடியாவிட்டால் இவையின்றி மீட்பு மிகக் கடினமாகிவிடும்.

3. பழுது டிஸ்க்கிலா, கேபிளிலா என்று பிரித்தறியுங்கள்

தொகுப்பிலிருந்து விலக்கப்பட்ட ஒவ்வொரு டிஸ்க்கும் செத்த டிஸ்க் ஆகாது. ஸ்மார்ட் அறிக்கையில் நான்கு வரிகளைப் பார்த்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும். 5ஆம் எண் வரி, பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களை (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) சொல்லும். 197ஆம் வரி, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவற்றைச் சொல்லும். 198, சோதனையின்போது திருத்த முடியாமல் போனவை. இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும்.

199ஆம் வரியின் கதை வேறு. அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே செல்லும் தரவில் ஏற்படும் பிழைகளை எண்ணுகிறது. மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்து இது மட்டும் உயர்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளையும் இணைப்பு முனைகளையும்தான். கடலோர ஊர்களில் முனைகள் மங்கிப் பச்சை பிடிப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இந்த எண் கேபிளை மாற்றினாலும் குறையாது. மேற்கொண்டு ஏறாமல் நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கேபிளை மாற்றிய பின் அதே டிஸ்க்கைத் தொகுப்பில் மறுபடி இணைக்கலாம். எந்தப் பகுதிகள் மாறின என்று குறித்துவைக்கும் பிட்மேப் வசதி இயக்கத்தில் இருந்தால், இடைப்பட்ட நேரத்தில் மாறிய பகுதிகள் மட்டும் ஒத்திசைக்கப்பட்டு வேலை விரைவில் முடிந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க், படிக்க முடியாத செக்டரைக் கண்டால் ஒரு நிமிடத்துக்கு மேலும் அதையே முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் கெர்னல் இயல்பாக 30 நொடிதான் பொறுக்கும். அதன் பிறகு டிஸ்க்கே போய்விட்டது எனக் கருதி அதை விலக்க நேரும். நாஸ் வகை டிஸ்க்குகள் ஏறத்தாழ 7 நொடியில் பிழையைச் சொல்லிவிடும். பிறகு அந்தப் பகுதியை ரெய்டு, பாரிட்டியிலிருந்து (மீட்புக்கென்று சேர்த்து எழுதி வைக்கும் கணக்கு) கணக்கிட்டுச் சரிசெய்துகொள்ளும். டெஸ்க்டாப் டிஸ்க்குகளை வைத்துத் தொகுப்பு கட்டியிருந்தால், ஒன்று அவற்றின் பிழைநேர வரம்பை 7 நொடிக்குக் குறையுங்கள். டிஸ்க் அதை ஏற்காவிட்டால் கெர்னலின் பொறுமையை 180 நொடிக்கு உயர்த்துங்கள். ரீபில்டு, அதாவது புதிய டிஸ்க்கில் தரவை மீண்டும் கட்டும் வேலை, தொடங்கும் முன் இதைச் செய்யாமல் விட்டு, நல்ல டிஸ்க்கும் நடுவழியில் விலகியதைப் பலர் அனுபவித்திருக்கிறார்கள்.

4. டிஸ்க்கை மாற்றும் முன் முக்கியக் கோப்புகளை வெளியே எடுங்கள்

புதியவர்கள் தாண்டிப்போகும் படி இதுதான். "ரீபில்டு முடிந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமே, இப்போது எதற்கு நகல்?" என்பது அவர்களின் வாதம். ரீபில்டு என்பது மீதமுள்ள டிஸ்க்குகளை முதல் செக்டரிலிருந்து கடைசி வரை, காலியான இடங்களையும் சேர்த்துப் படிக்கும் வேலை. நான்கு 4 டெராபைட் டிஸ்க்குகள் கொண்ட ரெய்டு 5 தொகுப்பில் ஒன்று போனால், மீதமுள்ள மூன்றிலிருந்து 12 டெராபைட்டைப் பிழையின்றிப் படித்தாக வேண்டும். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் 10-இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு வாசிப்புப் பிழை வரை நேரலாம் என்று குறித்திருப்பார்கள், அது 12.5 டெராபைட். நடைமுறையில் பெரும்பாலான டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே படிக்கும் என்றாலும், அந்த நம்பிக்கையை வைத்து ஒருவரின் பத்து ஆண்டுக் கணக்குகளைப் பணயம் வைக்கக் கூடாது.

காரணத்தை எளிய கணக்கில் சொல்கிறேன். 7, 5, 4 என்ற மூன்று எண்களும், அவற்றின் கூட்டுத்தொகையான 16-உம் நான்கு டிஸ்க்குகளில் இருப்பதாகக் கொள்ளுங்கள். இங்கே 16 பாரிட்டியின் இடத்தில் இருக்கிறது. 5 இருந்த டிஸ்க் போனால் 16-இலிருந்து 7-ஐயும் 4-ஐயும் கழித்து அதை மீட்கலாம். ஆனால் அதே இடத்தில் 4-ஐயும் படிக்க முடியாவிட்டால் கணக்கில் இரண்டு தெரியாத எண்கள் வந்துவிடும், விடை கிடையாது. ரெய்டு 5-இல் நடப்பது இதுதான். ரெய்டு 6-இல் இரண்டு தனித்தனிச் சமன்பாடுகள் இருப்பதால் ஒரு டிஸ்க் போன பின்னும் இத்தகைய பிழையைத் தாங்கும்.

ஆகவே கோப்பு முறைமையை வாசிப்பதற்கு மட்டும் மவுன்ட் செய்து, மிக முக்கியமானவற்றை முதலில் வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் இதைச் செய்தபோது, உரிமையாளரை அருகில் உட்காரவைத்து, "அண்ணே, எந்தக் கல்யாணத்துக்கு இன்னும் ஆல்பம் கொடுக்கலை?" என்று கேட்டு அந்த அடைவுகளை முதலில் எடுத்தேன். எது முக்கியம் என்பது நமக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்.

5. மாற்று டிஸ்க் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்

கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். உறையில் இருக்கும் டெராபைட் எண்ணை நம்பாமல் செக்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு செக்டர் குறைந்தாலும் தொகுப்பு ஏற்காது. எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கைத் தவிருங்கள். அதில் பதிவுத் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், தொடர்ச்சியாக எழுத எழுத வேகம் படுத்துவிடும். ரீபில்டு நாள் கணக்கில் இழுக்கும். கடைக்காரர் 'அதெல்லாம் ஒண்ணுதான் சார்' என்பார். மாடல் எண்ணை வைத்து, தயாரிப்பாளரின் விவரத்தாளில் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத வகை) என்று இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

6. சரியான டிஸ்க்கைக் கழற்றுங்கள்

என் கை செய்த தவறு இந்தப் படியில்தான். பல கன்ட்ரோலர்கள் ஸ்லாட்டுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகின்றன. திரையில் 2 என்று வந்தது. நான் மேலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி, இரண்டாவது டிரேயை இழுத்தேன். பழுதானது மூன்றாவது. ஏற்கெனவே ஒன்று குறைந்திருந்த ரெய்டு 5-இலிருந்து நல்ல டிஸ்க் ஒன்றையும் உருவியதால் தொகுப்பு அந்த நொடியே நின்றது. எதையும் எழுத விடாமல் எல்லாவற்றையும் நிறுத்தி, உருவியதைத் திரும்பப் பொருத்தி, நிகழ்வு எண்ணிக்கைகளை ஒப்பிட்டுத் தொகுப்பை மீண்டும் எழுப்ப அந்த இரவு முழுதும் ஆயிற்று.

அதன்பின் நான் பின்பற்றும் வரிசை இது. முதலில், விலக்க வேண்டிய டிஸ்க்கின் சீரியல் எண்ணை மென்பொருளிலிருந்து படித்துத் தாளில் எழுதுகிறேன். பிறகு அந்த ஸ்லாட்டின் அடையாள விளக்கை எரியவிடுகிறேன். அந்த வசதி இல்லாத பெட்டியில், நல்ல டிஸ்க்குகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தொடர்ந்து படிக்கச் செய்து எந்த விளக்கு துடிக்கிறது என்று பார்க்கிறேன். எதற்கும் துடிக்காத விளக்குதான் நான் தேடுவது. விளக்கு, டிரேயில் எழுதிய எண், கதவில் ஒட்டிய தாள் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் கை நீளும்.

கழற்றும் முன் அந்த டிஸ்க்கைப் பழுதானதாகக் குறித்து, தொகுப்பிலிருந்து முறையாக நீக்கும் கட்டளையைக் கொடுங்கள். டிரேயை ஓர் அங்குலம் மட்டும் இழுத்துவிட்டு அரை நிமிடம் காத்திருங்கள். தட்டுகள் சுழலும்போதே அசைத்தால் நல்ல டிஸ்க்கும் கெடும். காத்திருக்கும் நேரத்தில் தொகுப்பின் நிலையை மறுபடி பாருங்கள். ஓட்டத்திலேயே மாற்றும் வசதி இல்லாத பெட்டி என்றால், வேறு வழியில்லை, முறையாக ஷட்டவுன் செய்த பிறகே கழற்ற வேண்டும். நான்காம் படியை விட்டுவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய டிஸ்க் முழுதாகச் சாகாமல் சில செக்டர்கள் மட்டும் கெட்டிருந்தால், அதைக் கழற்றவே வேண்டாம். காலி ஸ்லாட் ஒன்று இருக்குமானால் புதியதை அதில் பொருத்தி, 'ரிப்ளேஸ்' முறையில் மாற்றுங்கள். பழையதில் படிக்க முடிந்ததெல்லாம் நேராக நகலாகும். படிக்க முடியாத இடங்களுக்கு மட்டும் மற்ற டிஸ்க்குகளின் உதவி தேடப்படும். தொகுப்பு ஒரு நொடிகூடக் குறை நிலைக்குப் போகாது. எனக்குத் தெரிந்த வழிகளுள் இதுவே பாதுகாப்பானது.

7. ரீபில்டைத் தொடங்குவதும் காத்திருப்பதும்

டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையைப் புதிய டிஸ்க்கில் நகலெடுக்கும் கட்டளையில் கவனம் தேவை. எஸ்ஜிடிஸ்க் கருவியில் புதிய டிஸ்க்கின் பெயர் முதலிலும், மாதிரியாகக் கொள்ளும் பழைய டிஸ்க்கின் பெயர் கடைசியிலும் வரும். பழக்க தோஷத்தில் 'இதிலிருந்து அதற்கு' என்று எழுதினால், காலி அட்டவணை நல்ல டிஸ்க்கின்மேல் எழுதப்பட்டுவிடும். இயக்கும் முன் வரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நகலெடுத்த பின் அடையாள எண்களைப் புதிதாக்கும் கட்டளையையும் மறக்காமல் கொடுங்கள். இல்லாவிட்டால் இரு டிஸ்க்குகள் ஒரே அடையாளத்துடன் இருக்கும்.

புதிய டிஸ்க்கைச் சேர்த்ததும் ரீபில்டு தானே தொடங்கும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட் டிஸ்க்குக்குக் குறைந்தது ஏழரை மணி நேரம் ஆகும். அலுவலகம் அதே நேரத்தில் வேலை செய்தால் இது பல மடங்கு நீளும், ஏனென்றால் லினக்ஸ் மற்ற வேலைகளுக்கு வழிவிட்டு, ரீபில்டுக்கு நொடிக்கு 1,000 கிலோபைட் மட்டுமே உறுதியளிக்கிறது. அந்த வேகத்திலேயே போனால் ஏறத்தாழ 45 நாள் பிடிக்கும். குறைந்தபட்ச வேக வரம்பை 50,000-க்கு உயர்த்திவிட்டு, மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு தொடங்குவதே நல்லது.

தொடங்கும் முன் நாளிதழில் மின்தடை அறிவிப்பைப் பாருங்கள். பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், அரை மணி தாங்கும் யூபிஎஸ்ஸை நம்பி ரீபில்டைத் தொடங்கக் கூடாது. முறையாக ஷட்டவுன் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். குறை நிலையில் இருக்கும் ரெய்டு 5 சட்டென்று மின்சாரம் போய் நின்றால், மறுமுறை தானாக எழும்ப மறுக்கும். பாரிட்டி தரவோடு பொருந்துகிறதா என்று அதற்குத் தெரியாது. அப்போது பதறிப்போய்ப் புதிதாகத் தொகுப்பை உருவாக்கும் கட்டளையைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது, காரணம் அடுத்த பகுதியில்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு ஒரு சொல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் நம் கரையைக் கடந்தபோது மின்சாரம் திரும்ப எவ்வளவு காத்திருந்தோம் என்பது இங்கிருப்பவர்களுக்கு நினைவிருக்கும். புயல் வர இரண்டு நாள் இருந்தால் ரீபில்டை உடனே தொடங்கி முடித்துவிடலாம். மறுநாளே கரையைக் கடக்கும் என்றால் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு, சர்வரை முறையாக நிறுத்தி, தரையிலிருந்து உயரத்தில் தூக்கி வையுங்கள். அந்த நகல் நெய்வேலிக்கோ விருத்தாசலத்துக்கோ போவது நல்லது. வெள்ளம் வரும் அதே தெருவில் இருக்கும் பேக்கப், சர்வரோடு சேர்ந்தே நனையும்.

8. நடுவில் இன்னொரு டிஸ்க்கும் விலகிவிட்டால்

நிறுத்துங்கள். 'கிரியேட்' கட்டளையைத் தொடாதீர்கள். அது பழைய மேற்குறிப்புகளை அழித்துப் புதியவற்றை எழுதும். டிஸ்க் வரிசையோ சங்க் அளவோ ஒன்று பிசகினாலும் தொடங்கும் ஒத்திசைவு தரவின்மேல் பாரிட்டியை எழுதிவிடும். கோப்பு முறைமைத் திருத்தக் கருவியையும் இப்போது ஓட்டாதீர்கள்.

விலகிய டிஸ்க் டக் டக் என்று தட்டும் ஒலி எழுப்பினால் மின்சாரம் கொடுப்பதையே நிறுத்திவிட்டு, தரவு மீட்பு நிலையத்தை நாடுங்கள். ஒலி ஏதும் இல்லாமல் செக்டர் பிழை மட்டும் என்றால், டிடி-ரெஸ்க்யூ கருவியால் அதைப் புதிய டிஸ்க் ஒன்றுக்கு முழுமையாக நகலெடுங்கள். முதல் சுற்றில் கடினமான இடங்களைத் தாண்டிப் போகச் செய்து, எளிதாகக் கிடைப்பதை எல்லாம் முதலில் சேர்த்துவிட்டு, பிறகு விட்ட இடங்களை முயலுங்கள். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பதிவுசெய்யும் மேப் கோப்பை வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். நடுவில் நின்றாலும் அதைக் கொண்டு தொடரலாம்.

பிறகு இந்த நகலையும் மற்ற நல்ல டிஸ்க்குகளையும் கொண்டு, நிகழ்வு எண்ணிக்கை நெருக்கமாக உள்ளவற்றை மட்டும் சேர்த்து, 'அசெம்பிள்' கட்டளையை வற்புறுத்தும் விருப்பத்துடன் கொடுங்கள். முதலில் விலகிய டிஸ்க்கை இதில் சேர்க்கக் கூடாது. அதிலுள்ள தரவு பழையது. எழும்பியதும் வாசிப்பதற்கு மட்டும் மவுன்ட் செய்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

9. முடிந்த பிறகு

ரீபில்டு நிறைவடைந்ததும் ஒரு முழுச் சரிபார்ப்பை ஓட்டுங்கள். பூட் ஆகும் டிஸ்க்கை மாற்றியிருந்தால் புதியதிலும் சர்வரை எழுப்பும் நிரலான பூட்லோடரை நிறுவுங்கள்; இல்லாவிட்டால் மற்றொரு டிஸ்க் போகும் நாளில் தரவு பத்திரமாக இருந்தும் சர்வர் எழும்பாது.

மாதந்தோறும் தானாக நடக்கும் சரிபார்ப்பு உண்மையிலேயே நடக்கிறதா என்றும் பாருங்கள். டெபியன் வகை லினக்ஸில் இது மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவுக்குப் பின் ஓடும்படி அமைந்திருக்கும். நம் ஊரில் பல அலுவலகங்களில் சனிக்கிழமை மாலை சர்வரை அணைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கே அது ஒருமுறைகூட ஓடியிருக்காது. கெட்ட செக்டர்கள் அடுத்த ரீபில்டு வரை மறைந்தே இருக்கும். அத்தகைய இடங்களில் இதை ஒரு வாரநாள் இரவுக்கு மாற்றி, அன்று மட்டும் அணைக்க வேண்டாம் என்று சொல்லி வைக்கிறேன்.

கழற்றிய டிஸ்க்குக்கு வாரன்டி இருந்தால், அனுப்பும் முன் முழுதும் துடையுங்கள். துடைக்க முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால் உரிமையாளரிடம் கேட்டு முடிவெடுங்கள். ஆடிட்டர் அலுவலகம், மருத்துவமனை போன்ற இடங்களில் வாரன்டியை விட்டுவிட்டு, தட்டுகளில் துளையிட்டுவிடுவதையே நான் பரிந்துரைக்கிறேன். அலமாரியில் இருந்த ஸ்பேர் இப்போது உள்ளே போய்விட்டது. அன்றே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள். கதவில் ஒட்டிய தாளில் பழைய எண்ணை அடித்து, புதிய சீரியல் எண்ணையும் தேதியையும் எழுதி, மறுபடி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.